லிசெஸ்ஸில் பிளிட்ஸ்: பதினான்கு மாதம் ஆடிய பிறகு

முதலில் ஒரு ஸ்கோர்ஷீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த டோர்னமென்ட், நான்காவது ரவுண்டு. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடும். எதிரில் ஒன்பது வயதுப் பையன். நாற்காலியில் முழங்காலிட்டால்தான் அவனுக்குப் போர்டின் மறுகோடி எட்டும். 31 நகர்வில் நான் ரிசைன் செய்தேன். அப்போது என் கடிகாரத்தில் 1 மணி 22 நிமிடம் மிச்சம் இருந்தது. அவனிடம் 34 நிமிடம்.

கணக்கு டீச்சர் என்பதால் திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடிய விநாடிகளையும் சேர்த்தால் எனக்குக் கிடைத்த மொத்த நேரம் ஏறத்தாழ 105 நிமிடம். நான் செலவழித்தது இருபத்துமூன்று. அந்தக் குழந்தை செலவழித்தது எழுபத்தொன்று. இருபத்துமூன்று நிமிடத்தில் தோற்பதற்கு 200 கிலோமீட்டர் போகவர வேண்டுமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமா, நுழைவுக் கட்டணம் வேண்டுமா என்று வயிறு எரிந்தது. வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டே அதைச் செய்திருக்கலாம். உண்மையில் அதைத்தான் தினமும் இரவில் செய்துகொண்டிருந்தேன்.

இந்த விமர்சனம் அந்தச் சோபாவைப் பற்றியது. அதாவது, லிசெஸ் என்ற செஸ் தளத்தில் பிளிட்ஸ் (ஆளுக்குச் சில நிமிடமே கிடைக்கிற அதிவேக ஆட்டம்) ஆடுவது பற்றி. அதுவும் என்னைப் போல மாதம் ஒருமுறையாவது மெதுவான டோர்னமென்ட் ஆடுகிறவர்களுக்கு அது உதவுமா, கெடுக்குமா என்பது பற்றி.

நான் யார் என்று கொஞ்சம். வயது 44. என் பையன் எட்டாம் வகுப்பு வரை செஸ் ஆடினான். ஊர் ஊராக அவனைக் கூட்டிக்கொண்டு போய், மண்டபத்துக்கு வெளியே மற்ற அம்மாக்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து வருடம் காத்திருந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். வாங்கிய கடிகாரமும் சுருட்டி வைக்கிற போர்டும் பாதி படித்த புத்தகங்களும் அலமாரியில் தங்கிவிட்டன. "நீயே ஆடேம்மா" என்றான் கிண்டலாக. ஆடிவிட்டேன். இன்றைக்கும் மண்டபத்துக்குள் போனால், "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் எல்லாம் வெளியே உட்காரணும்" என்று யாராவது ஒரு தன்னார்வலர் தம்பி வழிமறிப்பது வழக்கம்.

சரி, தளத்துக்கு வருவோம். லிசெஸ் 2010-இல் திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. லாப நோக்கமில்லாத அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரம் கிடையாது. ஆட்டம், புதிர்கள், கம்ப்யூட்டர் அலசல், ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) தரவுகள் எல்லாமே இலவசம். "இதற்கு மேல் பார்க்கப் பணம் கட்டு" என்று எந்த மூலையிலும் நிறுத்துவதில்லை. ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை இதற்குமேல் என்ன கேட்க முடியும்? தளத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அதில் விவாதமே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை நானும் கொஞ்சம் அனுப்புகிறேன்.

புதிதாகச் சேருபவருக்கு 1500 ரேட்டிங்கில் தொடங்கும். என்னுடைய பிளிட்ஸ் ரேட்டிங் ஒருகட்டத்தில் 1810 வரை போனது. அதே சமயம், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தருகிற என் ரேட்டிங் 1463. இரண்டும் வேறு வேறு கூட்டத்துக்குள் போடுகிற கணக்கு, ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், 'நான் உள்ளுக்குள் 1800 ஆள், ஊர் உலகத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை' என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பிளிட்ஸ் செய்த முதல் கெடுதல் இதுதான்.

இரண்டாவது கெடுதல் காரோ-கான் என்ற ஓப்பனிங். செஸ் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். காரோ-கானில் நான்காவது நகர்வில் என் குதிரை நடுவில் வந்து நிற்கும். எதிராளி தன் குதிரையை டி7-க்குக் கொண்டுவருவார். உடனே நான் ராணியை இ2-வில், என் ராஜாவுக்கு நேர் முன்னால் வைப்பேன். பார்ப்பதற்கு அசட்டுத்தனமான நகர்வு. ஆனால் அவர் வழக்கம்போல இன்னொரு குதிரையை எஃப்6-க்கு எடுத்தால், என் குதிரை டி6-இல் குதிக்கும். ஆறாவது நகர்விலேயே செக்மேட். இ7 சிப்பாயால் என் குதிரையை வெட்ட முடியாது, ஏனென்றால் சிப்பாய் விலகினால் அவருடைய ராஜா என் ராணியின் பார்வையில் வந்துவிடும். சுற்றிலும் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்பதால் ராஜாவுக்கு ஓட இடமும் இல்லை.

மூன்று நிமிட ஆட்டத்தில் இந்தப் பொறியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சிரித்திருக்கிறேன். திருச்சியில் அந்தப் பையனிடமும் அதையே ஆடினேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தான். டி7-இல் இருந்த குதிரையையே எஃப்6-க்கு நகர்த்தினான். அவ்வளவுதான். ராஜாவுக்கு மூச்சுவிட இடம் வந்துவிட்டது. என் ராணியோ என் பிஷப்பின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பிஷப்பை வெளியே கொண்டுவர நான் ராணியை மறுபடி நகர்த்த வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொரு முறை. எதிராளி தூங்கினால் மட்டும் பலிக்கிற நகர்வு அது. எழுபத்தொரு நிமிடம் யோசிக்கிற பிள்ளை எதற்குத் தூங்கப்போகிறது?

பிளிட்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே இப்படித்தான் இருந்தது. நல்ல நகர்வு எது என்று அது கேட்பதில்லை. இந்த ஆள் இந்த ஐந்து விநாடியில் எதைக் கவனிக்கமாட்டார் என்று கேட்கிறது. இரண்டுக்கும் விடை பல நேரம் ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசம் உறைப்பதில்லை.

மூன்றாவது, கை. போனில் காய் மேல் விரல் வைத்து, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். எதிராளியின் முறையிலேயே நம் நகர்வைப் போட்டு வைக்கிற ப்ரீமூவ் வசதியும் உண்டு. நிஜப் போர்டில் தொட்டால் தொட்டதுதான். மதுரையில் ஒரு ஆட்டத்தில் எதிராளி கடிகாரத்தை அமுக்குவதற்குள் என் கை யானையைப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் கண் பார்த்தது. ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. எதிரில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆடுங்கம்மா" என்றார். அந்த மரியாதைதான் இன்னும் வலிக்கிறது.

காசு கட்டிச் சேர்ந்த ஒரு ஆன்லைன் வகுப்பில், தினமும் இருபது பிளிட்ஸ் ஆடுங்கள், கண் பழகும் என்றார்கள். கண் பழகியதோ இல்லையோ, கை நன்றாகப் பழகிவிட்டது.

இவ்வளவு திட்டிவிட்டு, நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிளிட்ஸ் ஆடியிருக்காவிட்டால் எனக்கு ஓப்பனிங் என்று ஒன்று அமைந்திருக்காது. புத்தகத்தில் ஒரு வரிசையைப் படித்தால் மறுநாள் மறந்துவிடும். அதையே ஒரு வாரத்தில் முப்பது பேரிடம் ஆடிப் பார்த்தால், யார் எங்கே விலகுவார்கள் என்பது மனதில் தங்கும். மெதுவான ஆட்டத்தில் முப்பது பேரைச் சந்திக்க எனக்கு ஒரு வருடம் ஆகும். ஆட்டம் முடிந்ததும் லிசெஸ்ஸின் ஓப்பனிங் பகுதியில் போய், பெரிய ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில் என்ன ஆடினார்கள் என்று பார்த்துவிடலாம். இந்த ஒரு வேலைக்கு பிளிட்ஸை மிஞ்சி எதுவும் இல்லை.

இன்னொன்று பதற்றம். கோயம்புத்தூரில் ஒரு ஆட்டம் யானை முடிவாட்டத்துக்குப் போய்விட்டது. எதிராளிக்கு ஒரு சிப்பாய் அதிகம். என் கடிகாரத்தில் நாற்பது விநாடிக்கு மேல் ஏறவே இல்லை. ஒரு கையில் பேனா, ஸ்கோர்ஷீட்டை நிரப்பிக்கொண்டே ஆட வேண்டும். ஃபிலிடோர் தற்காப்பு என்று ஒன்று இருக்கிறது: எதிராளியின் ராஜா முன்னேறி வராதபடி யானையை மூன்றாவது வரிசையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், சிப்பாய் அந்த வரிசைக்கு நகர்ந்து வந்ததும் யானையைப் பின்கோடிக்குக் கொண்டுபோய் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படித்தது புத்தகத்தில். ஆனால் கை நடுங்காமல் ஆட வந்தது, 5+3 (ஐந்து நிமிடம், நகர்வுக்கு மூன்று விநாடி கூடும்) ஆட்டங்களில் அதே நிலையைப் பலமுறை விநாடிக் கணக்கில் தாங்கியிருந்ததால்தான். டிரா. வெளியே வந்ததும் கேன்டீனில் இரண்டு பருப்பு வடை சாப்பிட்டேன்.

பெரியவர்களின் கதையைப் பார்த்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக்குக்கு பிளிட்ஸ் என்றாலே இளக்காரம்; 1929-இல் ரயிலில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியதாக அவர் சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. ஃபிஷரோ 1970-இல் ஹெர்செக் நோவியில் நடந்த பிளிட்ஸ் போட்டியில் 22-க்கு 19 எடுத்து, இரண்டாவது வந்த முன்னாள் உலக சாம்பியன் டாலை நாலரைப் புள்ளி பின்னே தள்ளினார். அடுத்த வருடம் மெதுவான ஆட்டத்தில் டைமனோவையும் லார்சனையும் ஆளுக்கு 6-0 என்று துடைத்துவிட்டு, 1972-இல் உலக சாம்பியன் ஆனார். நம்ம ஆனந்த் சிறுவனாக ஆடியது சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில். அங்கே ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். நாற்காலியை விடாமலிருக்க ஆடிய பிளிட்ஸில் வளர்ந்தவர் அவர். கிளப்புக்குப் பெயர் கொடுத்த டாலும் 51 வயதில், 1988-இல், கனடாவில் உலக பிளிட்ஸ் பட்டத்தை எடுத்தார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் குகேஷ். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரனை வென்று பட்டம் எடுத்தபோது குகேஷின் பிளிட்ஸ் ரேட்டிங் அவருடைய கிளாசிக்கல் (மெதுவான ஆட்ட) ரேட்டிங்கைவிட நூறு புள்ளிக்கும் மேல் குறைவு. கடைசி, பதினான்காவது ஆட்டம் டிரா ஆகியிருந்தால் மறுநாள் ரேபிட் (மெதுவான ஆட்டத்தைவிட வேகமானது) டை பிரேக். அதில் டிங் கை ஓங்கும் என்பதுதான் அன்று பரவலான பேச்சு. ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல், பார்க்கிறவர்கள் எல்லாம் டிரா என்று எழுதிவைத்துவிட்ட நிலை. அதை விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தார் குகேஷ். 55-வது நகர்வில் டிங் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். நான் அதை நேரலையில் பார்க்கவில்லை. பிறகு ஸ்டாஃப் ரூமில் பி.டி. மாஸ்டர் ஓடிவந்து சொன்னார். மனுஷருக்கு யானை எப்படி நகரும் என்றுகூடத் தெரியாது.

ஆனந்துக்கு உதவியது, குகேஷுக்குத் தேவைப்படவில்லை. இதிலிருந்து திண்டுக்கல் டீச்சருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. அதனால் என் சொந்த ஸ்கோர்ஷீட்டுகளையே எடுத்தேன். ஸ்கோர்ஷீட்டில் கடிகார நேரத்தையும் குறித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இரண்டு டோர்னமென்ட் முழுக்க ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் மிச்ச நேரத்தை எழுதினேன். தோற்ற ஆட்டங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: ஆட்டம் திரும்பிய நகர்வுக்கு நான் எடுத்திருந்தது முப்பது விநாடிக்கும் குறைவு. அதாவது யோசித்துத் தப்பு செய்யவில்லை. யோசிக்கவேயில்லை. ஒரு ஆட்டத்தில் பதினைந்தாவது நகர்வு முடிந்தபோது என் கடிகாரம் 93 நிமிடம் காட்டியது. தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்!

லிசெஸ்ஸிலும் இதைப் பார்க்கலாம். அலசல் பக்கத்தில் எந்த நகர்வுக்கு எவ்வளவு நேரம் எடுத்தோம் என்று ஒரு வரைபடம் வரும். பலர் அதைத் திறப்பதே இல்லை. என் பிளிட்ஸ் ஆட்டங்களின் வரைபடமும் டோர்னமென்ட் ஸ்கோர்ஷீட்டும் வடிவத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. அளவு மட்டும்தான் வேறு.

இனி, எந்த நேர அளவு யாருக்கு என்று என் அனுபவத்தில். 3+0 டோர்னமென்ட் ஆட்டக்காரருக்கு வேண்டாம். ஜெயித்த நிலையில் நேரம் தீர்ந்து தோற்பதும், தோற்ற நிலையில் எதிராளியின் நேரத்தைத் தின்று ஜெயிப்பதும் அங்கே சகஜம். இரண்டுமே மெதுவான ஆட்டத்துக்குத் தேவையில்லாத திறமை. 3+2 பரவாயில்லை, உலகப் போட்டிகளிலும் அதுதான் நடைமுறை. ஆனால் என் வயதுக்கு மூச்சு வாங்குகிறது. 5+3 தான் என் சிபாரிசு. ஓப்பனிங்கைச் சோதிக்கலாம், முடிவாட்டத்தையும் ஓரளவு மனுஷத்தனமாக ஆடலாம். 10+0 பற்றி ஒரு வேடிக்கை: லிசெஸ் அதை ரேபிட் என்கிறது, ஃபிடே விதிப்படி பத்து நிமிடமும் அதற்குக் குறைவும் பிளிட்ஸ். லிசெஸ் நாற்பது நகர்வுக்கு நேரத்தைக் கணக்கிட்டு வகை பிரிக்கிறது, ஃபிடே அறுபது நகர்வுக்கு. ஆகவே 'நான் பிளிட்ஸை விட்டுவிட்டேன், இப்போது பத்து நிமிடம்தான்' என்று பெருமைப்படுகிறவர்கள் கவனிக்கவும். 15+10 நிஜமாகவே யோசிக்க விடும். ஞாயிறு மதியம் அதில் ஒன்று ஆடுகிறேன், வீட்டில் எல்லோரும் தூங்கும்போது.

அமைப்புகளில் நான் மாற்றியவை சில. ப்ரீமூவை அணைத்துவிட்டேன். ஆட்டக்காரர்களின் ரேட்டிங் கண்ணில் படாமல் மறைத்துவிட்டேன். அந்த 1810 போதையிலிருந்து வெளியே வர அது ஒன்றுதான் வழியாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் 'உன் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' என்ற பகுதிக்குப் போகாமல் அடுத்த ஆட்டம் இல்லை. சொதப்பிய இடத்தில் நிறுத்தி, சரியான நகர்வை நம்மையே கண்டுபிடிக்கச் சொல்லும். தோற்ற கடுப்பில் அதைச் செய்வதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். பழிவாங்கும் ஆட்டம் என்பது அடியோடு ரத்து. இரவு பத்தரை மணிக்குத் தோற்று, பழிவாங்கப் போய், இன்னும் நாலு தோற்று, பன்னிரண்டரைக்குப் படுத்து, காலையில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் இயற்கணிதத்தைத் தப்பாகப் போட்டவள் நான். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். குறை தளத்தின் மீது இல்லை, என் கட்டைவிரல் மீது.

15+10 ஆடும்போது பக்கத்தில் பையனின் பழைய போர்டை விரித்து, ஒவ்வொரு நகர்வையும் அதிலும் ஆடுகிறேன். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் திரையில் மேலிருந்து தட்டையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிஜப் போர்டில் தூரத்து மூலையிலிருந்து நீளக் குறுக்காக வரும் பிஷப் தெரிவதே இல்லை. இந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான் தெரிகிறது.

இப்படி மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. ஃபிடே ரேட்டிங் 1463-லிருந்து 1527. பெரிய தாவல் ஒன்றும் இல்லை, வீட்டில் யாரும் கேக் வெட்டவில்லை. ஆனால் ஆட்டம் முடியும்போது என் கடிகாரத்தில் இப்போதெல்லாம் இருபது நிமிடம்தான் மிச்சம் இருக்கிறது. தோற்றாலும் நுழைவுக் கட்டணம் செரித்த மாதிரி இருக்கிறது. டோர்னமென்ட் ஆடுகிறவருக்கு லிசெஸ் பிளிட்ஸ் ஐந்துக்கு மூன்று, அதுவும் ஒரு இரவுக்கு இரண்டு ஆட்டம் என்ற அளவோடு.

போன மாதம் கரூரில் அந்தத் திருச்சிப் பையனை மறுபடி பார்த்தேன். "ஆன்ட்டி, நீங்க க்வீன் இ2 ஆடினீங்கல்ல" என்றான். ஒருவருடைய பாவங்களைக் குழந்தைகள் மறப்பதே இல்லை. ரவுண்டுக்கு நடுவே வராந்தாவில் பிளிட்ஸ் ஆடலாமா என்று கேட்டான். மூன்று ஆட்டம், மூன்றிலும் என்னை அடித்துத் துவைத்தான். கை பறக்கிறது, கடிகாரத்தை அமுக்குகிற சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்தொரு நிமிடம் யோசித்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த அதே பிள்ளை. அவன் அம்மா புளியோதரை டப்பாவோடு வந்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ரவுண்டில் அவன் எனக்கு நாலு போர்டு தள்ளி உட்கார்ந்திருந்தான். எதிராளி ஆடியதும் அவன் முதலில் செய்த காரியம், இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டதுதான். பத்து நிமிடம் கை வெளியே வரவில்லை. நானும் அதே மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். என் எடைக்கு விரல் மரத்துப்போய், நகர்வை எழுதப் பேனாவைப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.